வெயிலுக்குப் பந்தயம் வேண்டாம்

நியூயார்க்கில் நாளைக்கு எத்தனை டிகிரி வெயில் அடிக்கும் என்று காசு கட்டுகிறார்கள். கால்ஷி, பாலிமார்க்கெட் மாதிரி இணையப் பந்தயத் தளங்களில் தினமும் நடக்கிற வியாபாரம் இது. கால்ஷியில் 77–78, 79–80 என்று இரண்டிரண்டு பாரன்ஹீட்டாகப் பிரித்து விற்கிறார்கள். 30 சென்ட் கொடுத்து வாங்கியது பலித்தால் ஒரு டாலர் கிடைக்கும், இல்லையென்றால் போட்ட காசு போச்சு.

இதை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

கால்ஷியில் நியூயார்க்குக்கான முடிவு, சென்ட்ரல் பார்க்கில் உள்ள ஒரே ஒரு நிலையத்தின் அளவை வைத்துத்தான். அமெரிக்க அரசின் தேசிய வானிலைச் சேவை தன் அன்றாட அறிக்கையில் என்ன போடுகிறதோ அதுதான் தீர்ப்பு. அங்கே 1869 முதல் பதிவுகள் இருக்கின்றன. அந்த ஊர் எவ்வளவு சூடாகிவிட்டது என்று நமக்குச் சொல்கிற கணக்கு அது. அதைத் தாயக்கட்டையாக உருட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஒரு டிகிரிக்கு இவ்வளவு பணம் என்று ஆனபிறகு, கருவியையே சூடாக்கிப் பார்க்க எவனாவது கிளம்பினால் என்ன செய்வது?

வானிலை தெரிந்தவர் ஜெயிப்பார் என்றும் நினைக்காதீர்கள். அளவு 78 பாரன்ஹீட் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்துக்கு வரும் தகவலில் அது முழு செல்சியஸாகிறது. 78 பாரன்ஹீட் என்பது 25.6 செல்சியஸ், அது 26 ஆகிவிடும். அதைத் திரும்ப பாரன்ஹீட்டாக்கினால் 78.8, அதாவது 79. போனில் 79 பார்த்தவர் நம்பி 79–80 வாங்குவார். அறிக்கையில் 78 என்று வரும். இந்த நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினாலும் வானிலைச் சேவையின் நாள் பழைய நேரப்படிதான் ஓடும். அதன் கணக்கில் இரவு ஒரு மணிக்குத்தான் தேதி மாறும். இதெல்லாம் புதிதாக வந்து நூறு டாலர் போடுகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

மின் நிறுவனங்களுக்கு இது காப்பீடு மாதிரி உதவும் என்கிறார்கள். அதற்கு சிகாகோ மெர்க்கன்டைல் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையில் 1999 முதலே ஒப்பந்தங்கள் இருக்கின்றன. அவற்றில் பொதுவாக வெப்பநிலைக் கணக்கை மாதக்கணக்கில், பருவக்கணக்கில் கூட்டுகிறார்கள். ஒரு நாளின் ஒரு டிகிரியால் அங்கே பெரிதாக எதுவும் புரளாது. செவ்வாய்க்கிழமை 78-ஆ 79-ஆ என்பதில் எந்த மின் நிறுவனம் பிழைக்கப்போகிறது?

கல்கத்தாவில் அந்தக் காலத்தில் மழைக்குப் பந்தயம் கட்டினார்கள். கூரைக் குழாயில் தண்ணீர் வழிந்தால் ஜெயம். 1897-ல் வங்காளத்தில் சட்டம் போட்டு அதைத் தடை செய்தார்கள். அது யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. இந்த வெப்பநிலைப் பதிவோ பொதுச் சொத்து.

என்னை அதிகம் கோபப்படுத்துவது வேறு. 2025-ல் அமெரிக்க வானிலைச் சேவையிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேறினார்கள். ஆள் இல்லாமல் ஒமாஹாவில் வானிலை பலூன் விடுவதையே அந்த மார்ச்சில் நிறுத்தினார்கள். முன்கணிப்புக்கு முக்கியமான ஆதாரங்களில் ஒன்று அந்தப் பலூன்கள். பந்தயத் தளமோ அதே சேவையின் அறிக்கையை இலவசமாக எடுத்துக்கொண்டு பரிவர்த்தனைக் கட்டணம் வசூலிக்கிறது. கால்ஷிக்கு அனுமதி கொடுத்த சி.எஃப்.டி.சி. என்ற அமெரிக்க முன்பேர வர்த்தகக் கட்டுப்பாட்டு ஆணையம் இந்த ஒருநாள் பந்தயங்களையாவது முதலில் நிறுத்தட்டும்.