அந்த சார்ட்டை இந்த வருஷம் மாட்டாதீங்க

மே கடைசி வாரம் வந்தால் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பிடிஎஃப் சுற்ற ஆரம்பித்துவிடும். வாழ்க்கைக் கணக்கில், அதாவது கதையாகக் கேட்கிற கணக்கில், எந்த வார்த்தை வந்தால் என்ன செய்யவேண்டும் என்று சொல்கிற சார்ட். நாலு கலரில் நாலு கட்டம். ‘மொத்தம், ஆக, சேர்த்து’ என்று வந்தால் கூட்டல். ‘மீதி, வித்தியாசம், குறைவு’ என்றால் கழித்தல். ‘மடங்கு’ என்றால் பெருக்கல். ‘சமமாகப் பங்கிடு’ என்றால் வகுத்தல். கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் பண்ணி, கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டால் கணக்கு மூலை ரெடி. பார்வைக்கு வருகிறவர்களுக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி.

கடலூர் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். அதை மாட்டாதீங்க. ஏற்கெனவே மாட்டியிருந்தால் கழற்றிடுங்க.

ஏன்னு கேட்டால், இந்தக் கணக்கைப் பாருங்க. ‘காலையில் இறக்கிய மீனில் 18 கூடை விற்றுவிட்டது. 7 கூடை மீதி இருக்கிறது. மொத்தம் எத்தனை கூடை இறக்கினார்கள்?’ மீதியும் இருக்கிறது, மொத்தமும் இருக்கிறது. சார்ட்டைப் பார்க்கிற பிள்ளை எந்த வார்த்தை முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று: ‘செல்வியிடம் 23 கிளிஞ்சல் இருக்கிறது. அது முருகனிடம் இருப்பதைவிட 8 அதிகம். முருகனிடம் எத்தனை?’ அதிகம் என்றதும் கை தானாகக் கூட்டிவிடும். 31. யாரிடம் அதிகம் என்று ஒரு நொடி யோசித்த பிள்ளைக்குத்தான் 15 கிடைக்கும். அந்த ஒரு நொடியை மிச்சம் பிடிக்கத்தான் நாம் சார்ட் மாட்டுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

‘டீச்சர், இது கூட்டலா கழித்தலா?’ தொடக்கப் பள்ளியில் இதைவிட அதிகமாகக் காதில் விழுகிற கேள்வி ‘டீச்சர், ஒண்ணுக்குப் போகட்டுமா’ மட்டும்தான்.

பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்தில் 1979 வாக்கில் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ கேட்கப்பட்ட 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களையே வைத்து வயதைச் சொல்லிவிட்டார்கள். கேள்வியே தப்பு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. கணக்கு என்று கொடுத்தால் விடை இருந்தே ஆகவேண்டும் என்று அந்த வயதிலேயே பழகிவிட்டார்கள்.

நம் ஊருக்கு மாற்றி நானும் கேட்டேன். பாண்டி பஸ்ஸில் 35 பேர் உட்கார்ந்திருக்காங்க, 14 பேர் நிக்கறாங்க, கண்டக்டருக்கு என்ன வயசு? பாதி வகுப்பு 49 என்றது. ஒருத்தன் மட்டும் கொஞ்சம் யோசித்து, ‘சரியாத்தான் டீச்சர் வருது, எங்க பெரியப்பா கண்டக்டர், அவருக்கும் அவ்ளோதான் இருக்கும்’ என்றான். விடை பொருந்துகிறதா என்று வேறு சரிபார்த்துவிட்டான் பாருங்க! சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது.

இதே பிள்ளைகள் வெளியில் எப்படி என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பல பேருடைய அம்மாக்கள் மீன் வியாபாரம். சனி ஞாயிறு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கிற பையன் ஒருவன் ஐந்தாம் வகுப்பில் இருந்தான். ‘கூறு ஐம்பது ரூபா. மூணு கூறு எடுத்துட்டு இருநூறு ரூபா நோட்டு குடுக்கறாங்க. எவ்ளோ திருப்பிக் குடுப்பே?’ என்று கேட்டால், நான் முடிப்பதற்குள் ‘ஐம்பது’ என்பான். அதையே பலகையில் 200, அதன் கீழே 150 என்று எழுதிக் கோடு போட்டுக் கழிக்கச் சொன்னால், பூஜ்ஜியத்தில் பூஜ்ஜியம் போனால் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தில் அஞ்சு போகாது, அதனால் அஞ்சிலிருந்து பூஜ்ஜியத்தைக் கழித்து அஞ்சு. ரெண்டில் ஒண்ணு போனால் ஒண்ணு. ஆக 150. சிறியதைப் பெரியதிலிருந்து கழித்துவிடுவது, மேலே எது கீழே எது என்றெல்லாம் பார்ப்பதில்லை. ‘ஏன்டா, நூத்தம்பதுக்கு மீனையும் குடுத்து, நூத்தம்பது ரூபாயும் திருப்பிக் குடுப்பியா?’ என்று கேட்டேன். ‘எங்கம்மா கொன்னுடும் டீச்சர்’ என்று சிரித்தான். ஆனால் பலகையில் இருந்த 150-ஐ அழிக்கவில்லை. அது வேற, இது வேற என்று அவன் முடிவு கட்டி வெகு நாள் ஆகியிருந்தது.

பிரேசிலில் ரெசிஃபே நகரத்துத் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளைப் பற்றி 1985-இல் வெளியான ஆய்வு சொன்னதும் இதைத்தான். கடையில் வைத்துக் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வாழ்க்கைக் கணக்காக எழுதிக் கொடுத்தபோது 74 சதவீதம். வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. நம் நாட்டிலும் தில்லி, கொல்கத்தா சந்தைகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2025-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் அதில் இருக்கிறார்கள். சந்தைப் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்கூடம் மட்டும் போகிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இரண்டு பக்கமும் பாலம் இல்லை. (பிள்ளைகள் சந்தையில் வேலை பார்ப்பதை நான் ஆதரிக்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அது தனிச் சண்டை.)

சரி, சார்ட்டைக் கழற்றிவிட்டு என்ன செய்வது?

கணக்கிலிருந்து எண்களை எடுத்துவிடுங்க. நான் கண்டுபிடித்தது இல்லை, பல நாட்டு ஆசிரியர்கள் செய்து பார்க்கிற வழிதான். பலகையில் இப்படி எழுதுவேன்: ‘துறைமுகத்தில் ஒரு படகு சில கூடை மீன் இறக்கியது. கொஞ்சம் கூடை ஐஸ் பெட்டிக்குப் போனது. மிச்சத்தை ஏலம் விட்டார்கள்.’ எண்ணும் இல்லை, கேள்வியும் இல்லை. கூட்டலா கழித்தலா என்று கேட்க வழியே கிடையாது. என்ன நடக்கிறது, சொல்லுங்க என்பேன். முதல் கேள்வி எப்போதும் ‘என்ன மீன் டீச்சர்?’ சங்கராவா நெத்திலியா என்று பஞ்சாயத்து நடக்கும், நடக்கட்டும். அதற்குப் பிறகுதான் உருப்படியான பேச்சு வரும். ஐஸ் பெட்டிக்குப் போனது இறக்கினதைவிட அதிகமா இருக்க முடியுமா? முடியாது. ஏலம் விட்டது ஐஸ் பெட்டிக்குப் போனதைவிட அதிகமா இருக்கலாமா? இருக்கலாம். எல்லாமே ஐஸ் பெட்டிக்குப் போயிருந்தா? ‘அப்போ ஏலம் கிடையாது டீச்சர், பூஜ்ஜியம்.’ இந்தப் பேச்சு முழுக்கக் கணக்குதான். எண் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

பிறகு ‘சில’ என்ற இடத்தை அழித்துவிட்டு 42 எழுதுவேன். கொஞ்ச நேரம் விட்டு, ‘கொஞ்சம்’ என்ற இடத்தில் 15. என்ன கேள்வி கேட்கலாம் என்று அவர்களிடமே விட்டுவிடுவேன். விடைக்கு ஆளுக்கொரு வழியில் வருவார்கள். ஒருத்தி 42-இல் 10 போனால் 32, அதில் 5 போனால் 27 என்பாள். இன்னொருத்தன் மேலே ஏறுவான்: 15-க்கு 5 சேர்த்தால் 20, இன்னும் 22 சேர்த்தால் 42, ஆக 27. கடையில் சில்லறை கொடுக்கிற வழி இது. ஒருவன் நாலு கட்டு ஈர்க்குச்சியையும் ரெண்டு உதிரியையும் எடுத்துவந்து, ஒரு கட்டை அவிழ்த்துக்கொண்டிருப்பான். கடன் வாங்கிக் கழிக்கிறவளும் இருப்பாள். அந்தக் கட்டை அவிழ்க்கிறவனையும் கடன் வாங்குகிறவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்க, ரெண்டு பேரும் செய்வது ஒரே வேலை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். மீன்காரம்மா மகனுக்கும் அவன் மனக்கணக்கைப் பலகையில் ஏற்ற அன்றைக்குத்தான் முதல் சந்தர்ப்பம் கிடைக்கும்.

ஹங்கேரிக்காரக் கணித அறிஞர் ஜார்ஜ் போலியா கணக்குத் தீர்க்க நாலு படி சொன்னார். புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். 1945-இல் சொன்னது. நம் வகுப்பறைகளில் மூன்றாவது படி மட்டும் நடக்கிறது என்று நான் சொன்னால் கோபம் வரலாம், ஆனால் நோட்டுகளைப் புரட்டிப் பாருங்க.

ஈராசிரியர் பள்ளிக்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி. கதை ஒன்று, எண் மட்டும் வேறு. அதே படகுக் கதையில் நாலாம் வகுப்புக்கு 42, 15 என்றால், ஐந்தாம் வகுப்புக்குக் கிலோ கணக்கில் 1,240, 385 என்று வைக்கலாம். இன்னும் தடுமாறுகிற பிள்ளைக்கு 12, 5. பேச்சு எல்லோருக்கும் பொது. ஒரு வகுப்புக்கு வேலை கொடுத்துவிட்டு இன்னொரு வகுப்புக்கு ஓடுகிற ஓட்டம் அந்த ஒரு பீரியடிலாவது நிற்கும். அடிப்படை வாசிப்புக்கும் எண் அறிவுக்குமான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு, பிள்ளைகளை அடிநிலையிலிருந்து மேலே அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பிரித்து உட்கார வைத்துப் பழகியிருக்கிறோம். வாசிப்புக்கும் எண் அறிவுக்கும் அது உதவுகிறது. ஆனால் வாழ்க்கைக் கணக்கு நேரத்தில் மட்டும் கலந்து உட்கார வைங்க என்பது என் கட்சி. வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை கதையை யோசிப்பதில் தடுமாறுகிறது என்று அர்த்தமில்லை. ஏலத்தை நேரில் பார்த்த அரும்புப் பிள்ளை, பார்க்காத மலர்ப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்.

வகுப்பறைத் தயாரிப்புக்கு வருகிறேன். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கிற செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில், சென்னையில் 2003-இல் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கப் போனதே, அப்போது சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள். ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேல் பிள்ளைகள் வேலையைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். பல பள்ளிகளில் இன்றைக்கு அந்தக் கீழ்ப்பலகையை மறைத்து பீரோ நிற்கிறது, அல்லது அதன் மேலேயே டோரா படம் வரைந்தாயிற்று. ஜூன் முதல் வாரம் செய்யவேண்டிய முதல் வேலை அந்த பீரோவை நகர்த்துவது. கறுப்பு பெயிண்ட் ஒரு டப்பா போதும். ஒரே கணக்கை ஆறு பேர் ஆறு விதமாகப் போட்டதை ஒரே பார்வையில் பார்க்க அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஸ்மார்ட் போர்டு வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

மற்றபடி பெரிய செலவு எதுவும் இல்லை. கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சி, விளையாட்டு ரூபாய் நோட்டு, ஒரு தையல் டேப், ஒரு தராசு. இதெல்லாம் பீரோவுக்குள் பூட்டாமல் பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும். தொலையும். தொலையட்டும், புளியங்கொட்டைதானே. நேரம் என்று பார்த்தால் காலை உணவு முடிந்த உடனே முதல் பீரியட். ஜூன் மாதக் கடலூர் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு யாருக்கும் கணக்கு ஓடாது, எனக்கே ஓடாது.

பள்ளிக்கு ஏதாவது செய்யணும் என்று ஒவ்வொரு வருஷமும் நல்ல மனசோடு வருகிற முன்னாள் மாணவர்களே, இளைஞர் மன்றத் தம்பிகளே, வெளிச்சுவரில் ரயில் பெட்டி வரைந்தது போதும். அழகாத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இந்த முறை கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கிக் கொடுங்க, இல்லையென்றால் அந்தக் கீழ்ப்பலகைக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க.

‘போர்ஷன் எப்படி டீச்சர் முடியும்?’ என்று கேட்பீங்க. ஒரு நாளைக்கு ஒரு கதைதான், அதையும் பாடப்புத்தகத்தில் இருந்தே எடுக்கலாம். இருக்கிற கணக்கில் எண்ணை மட்டும் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தால் போதும். அப்படி யோசித்துப் பழகின வகுப்பு பருவம் முடியும்போது மிச்சக் கணக்கை நம்மைக் கேட்காமலே போட்டுவிடும் என்பது என் அனுபவம்.

பெற்றோரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு அப்பா நோட்டை நீட்டி, ‘என்ன டீச்சர், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு கணக்குதான் இருக்கு, பக்கத்துல மெட்ரிக்ல பத்து போடறாங்களே’ என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காசு கொடுத்துப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நோட்டு நிறைந்திருக்கிறது, இவர் பிள்ளையின் நோட்டில் படகும் கூடையுமாகப் படம். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். நோட்டில் எத்தனை கணக்கு என்று எண்ணாதீங்கண்ணா. ராத்திரி சாப்பிடும்போது ‘இன்னிக்கு அந்தக் கணக்கை எப்படிப் போட்டே?’ என்று பாப்பாவிடம் கேளுங்க. விடை சரியா தப்பா என்று நீங்க பார்க்கவேண்டாம், அதை நாங்க பார்த்துக்கறோம்.