மெயிலை விடுங்கள், முதலில் காலண்டரைப் பாருங்கள்

அலுவலக மெயிலையும் காலண்டரையும் சேர்த்து நடத்தும் மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச். அதன் 2016, 2019 பதிப்புகள் இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இனி சொந்த சர்வரில்தான் வைப்பேன் என்றால் சந்தாப் பதிப்பு ஒன்றுதான் வழி. சிங்கப்பூரில் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் நான் கணினி வேலை பார்த்துக்கொடுக்கும் சின்ன நிறுவனங்களில் இப்போது ஒரே கேள்வி: "ஓபன் சோர்ஸில் ஏதாவது போட்டுவிடலாமா?"

மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் திறந்த மூல மென்பொருளைத்தான் சொல்கிறார்கள். போடலாம். ஆனால் கேட்கிறவர்கள் எல்லாரும் மெயிலைப் பற்றியே கேட்கிறார்கள். ஆளுக்கு எத்தனை ஜிபி, ஸ்பாம் நிற்குமா, பழைய மெயில் அப்படியே வருமா. அதெல்லாம் என்றைக்கோ தீர்ந்த விஷயம். போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பும், டவ்காட் பெட்டியைக் காக்கும், ஆர்ஸ்பாம்டி குப்பையை வடிகட்டும். இந்த மூன்றையும், மெயிலையும் காலண்டரையும் உலாவியில் காட்டும் சோகோ (SOGo) என்ற மென்பொருளோடு சேர்த்து, டாக்கர் என்ற பொட்டலமுறையில் கட்டி மெயில்கவ் என்று கொடுக்கிறார்கள். பழைய மெயிலை இழுத்துவர ஐமேப்சிங்க் இருக்கிறது. லினக்ஸ் பழகியவருக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

மாட்டிக்கொள்வது காலண்டரில். ஒரு நிறுவனத்தில் முதலாளியின் காரியதரிசி அக்கா என்னிடம் சொன்னதுதான் சரி: "தம்பி, மெயில் பத்து நிமிஷம் லேட்டா வந்தாகூட பரவால்ல. பாஸ் மூணு மணிக்கு எங்க இருக்கணும்னு என் ஸ்கிரீன்ல தெரியணும். நான் மாத்துனா அவர் போன்லயும் மாறணும்." ஒருவர் காலண்டரை இன்னொருவர் நடத்துவது, யார் எப்போது காலி என்று பார்ப்பது, மீட்டிங் ரூம் பிடிப்பது. அலுவலகம் எக்ஸ்சேஞ்சை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

இத்தனைக்கும் காலண்டருக்குத் திறந்த தரநிலை இல்லாமல் இல்லை. கால்டாவ் 2007லேயே வந்துவிட்டது. ஐபோனும் தண்டர்பேர்ட் என்ற இலவச மெயில் செயலியும் அதை நன்றாகப் பேசும். பேசாதது மைக்ரோசாஃப்ட்டின் மெயில் செயலியான அவுட்லுக். அது எக்ஸ்சேஞ்சோடு மாப்பி என்ற தன் சொந்த வழியில் பேசிப் பழகியது. ஆகவே எந்த சர்வர் என்று தேடுவதற்கு முன்னால், உங்கள் ஆபீசில் அவுட்லுக்கை விடவே மாட்டேன் என்பவர் யார் என்று பாருங்கள். அது முதலாளியாக இருந்தால் பாதி முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிட்டது.

விடமாட்டார்கள் என்றால் மாப்பியே பேசும் சர்வர் வேண்டும். திறந்த மூலத்தில் அதை ஒழுங்காகச் செய்ய முயல்வது ஆஸ்திரியாவின் குரோமுனியோ. சோகோ, ஆக்டிவ்சிங்க் என்ற மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு ஒத்திசைவு வழியாக அவுட்லுக்கோடு பேசும், உண்மைதான். ஆனால் ஆக்டிவ்சிங்க் கைப்பேசிக்காகப் பிறந்தது. காரியதரிசி வேலைக்கு அதை நம்பி இறங்க மாட்டேன். கால்டாவுக்கு அவுட்லுக்கில் ஒரு செருகுநிரல் போட்டுச் சமாளிக்கிறவர்களும் உண்டு. விண்டோஸின் புதிய அவுட்லுக் அந்தப் பழைய வகைச் செருகுநிரல்களை ஏற்பதே இல்லை. பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அதை நம்பிப் போகிறவர்கள் அந்த வருடத்தை இப்போதே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அவுட்லுக்கை விட்டுவிடத் தயார் என்றால் வேலை எவ்வளவோ சுலபம். சோகோவின் வலைப்பக்கம், தண்டர்பேர்ட், கைப்பேசி. இருபது முப்பது பேர் ஆபீசுக்கு என் சிபாரிசு இதுதான்.

ஸிம்ப்ரா என்ற மெயில், காலண்டர் சர்வர்? அதன் மீது எனக்குப் பழைய பாசம் உண்டு. 2007இல் யாஹூ வாங்கியது, 2010இல் விஎம்வேர், 2013இல் டெலிஜென்ட், 2015இல் சினகோர். இத்தனை கை மாறிய பிறகு ஒன்பதாம் பதிப்பிலிருந்து திறந்த மூலத்துக்கு ஆயத்தப் பொட்டலம் தருவதையே நிறுத்திவிட்டார்கள். மூலநிரலை எடுத்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். ஆபீஸ் மெயிலுக்கு அந்த விளையாட்டு வேண்டாம். சோகோவும் கனடாவின் இன்வர்ஸிடமிருந்து கை மாறி இப்போது பிரான்சின் அலின்டோவிடம் இருக்கிறது, ஆனால் மெயில்கவ் போல அதைச் சுற்றி வேறு ஆட்களும் இருக்கிறார்கள். கம்பெனி நாளைக்குக் கைவிட்டால் யார் எடுத்து நடத்துவார்கள் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2025இல் 40,000க்கும் மேற்பட்ட மெயில் பெட்டிகளை ஓபன்-எக்ஸ்சேஞ்ச் என்ற திறந்த மூல மெயில், காலண்டர் மென்பொருளுக்கும் (மைக்ரோசாஃப்ட்டுடையது அல்ல) தண்டர்பேர்டுக்கும் மாற்றி முடித்தது. இதைக் காட்டி "அவங்களே மாத்திட்டாங்க" என்கிறார்கள். அங்கே அரசே முடிவெடுத்துப் பின்னால் நின்றது. அதே நாட்டில் மியூனிக் நகரம் பல வருடம் லினக்ஸில் ஓட்டிவிட்டு, 2017இல் நகர மன்றத்தில் வாக்கெடுத்து விண்டோஸுக்கே திரும்பியது. மேலே இருப்பவர்கள் மாறினால் கதையும் மாறும். நம் சின்ன கம்பெனிகளில் மேலே இருப்பவர் ஒரே ஆள், அவர் கையில் ஒரு ஐபோன்.

காசு மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். லைசன்ஸ் காசு மிச்சம்தான், ஆனால் சீனப் புத்தாண்டு விடுமுறையில் டிஸ்க் நிரம்பினால் வந்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே! மிச்சமாவதில் பாதியையாவது அந்த ஆளுக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களின் ஆதரவுச் சந்தாவுக்கும் ஒதுக்குங்கள். இங்கே உற்பத்தித்திறன் தீர்வு மானியம் கிடைப்பதும் முன்கூட்டியே அங்கீகரித்த தீர்வுகளுக்குத்தான். நாமே உட்கார்ந்து கட்டுகிற மெயில் சர்வருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். தனிநபர் தரவுச் சட்டப்படி பொறுப்பு எப்படியும் நிறுவனத்தின் தலையில்: புகாரளிக்க வேண்டிய கசிவு என்று தெரிந்தால் 3 நாளுக்குள் ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும். பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத ஆபீஸ், சோகோவையோ ஓபன்-எக்ஸ்சேஞ்சையோ வைத்து நடத்தும் சேவையாளரிடம் மாத வாடகைக்கு எடுக்கட்டும். அதிலும் ஒரு வெட்கமும் இல்லை.

வெளியே போகும் மெயில் ஒரு தனித் தலைவலி. பல கிளவுட் நிறுவனங்கள் சர்வர்கள் மெயில் அனுப்பும் வழியான 25ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன. அனுப்புநர் போலி இல்லை என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எல்லாம் சரியாக இருந்தும் புது ஐபி முகவரியை ஜிமெயில் சந்தேகமாகவே பார்க்கும். அனுப்புவதற்கு மட்டும் நம் மெயிலை வாங்கிக் கொண்டுசேர்க்கும் ஒரு ரிலே சேவையைக் கட்டணத்துக்கு எடுத்துவிடுங்கள். தூய்மைவாதிகள் திட்டட்டும், இன்வாய்ஸ் போய்ச் சேர வேண்டும்.

சோதனை வைக்கும்போது ஐடி ஆட்களை வைத்துச் சோதிக்காதீர்கள். முதலாளி, காரியதரிசி, எப்போதும் வெளியே சுற்றும் ஒரு சேல்ஸ் ஆள், ஒரு மீட்டிங் ரூம், இவ்வளவு போதும். சிட்னி வாடிக்கையாளரோடு வாராந்திரக் கூட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள். அக்டோபரில் அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போகும், இங்கே அசையாது. அந்தத் தொடரில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் அடுத்த வாரத்துக் கூட்டத்தை வாடிக்கையாளர் தன் அவுட்லுக்கிலிருந்து ரத்து செய்யட்டும். நாலு பேர் திரையிலும் ஒரே நேரம் காட்டினால் வாங்குங்கள், கட்டுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

குரோமுனியோவை ஐம்பது பேருக்கு மேல் சிங்கப்பூரில் யாராவது ஓட்டுகிறீர்களா? பகிர்ந்த காலண்டர் விஷயத்தில் எனக்குச் சில கேள்விகள் உண்டு. தேக்காவில் ஒரு டீ என் செலவு.