ஷாட்கன் வாங்கினால் முதல் செலவு லோடிங் போர்ட்டுக்கு

அமெரிக்காவில் 3-கன் என்னும் மூன்று துப்பாக்கிப் போட்டிக்குப் புதிதாக வருகிறவர்கள் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன் ஒன்றை வாங்கிய கையோடு கேட்பதெல்லாம் குறி பார்க்கும் சைட் பற்றி, குழல் நுனியில் மாட்டும் சோக் பற்றி, டிரிகரை இலகுவாக்குவது பற்றித்தான். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றே. துப்பாக்கியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் தோட்டாவை உள்ளே தள்ளுகிற வாய் இருக்கிறதே, அந்த லோடிங் போர்ட், உங்கள் காசு முதலில் அங்கே போகட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

ஷாட்கன் போட்டி என்றால் நம்மில் பலருக்கு, பறக்கும் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட்தான் நினைவுக்கு வரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கலந்துகொண்டது ட்ராப். அங்கே பறக்கும் தட்டு ஒன்றுக்கு இரண்டு தோட்டா, சுட்டதும் துப்பாக்கியை மடக்கித் திறந்து நிதானமாக மறுபடி போட்டுக்கொள்ளலாம். 3-கன் வேறு உலகம். ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றி, கடிகாரம் ஓட ஓட, ஓடிக்கொண்டே சுட வேண்டும். ஒரு ஸ்டேஜில், அதாவது போட்டியின் ஒரு சுற்றில், ஷாட்கனுக்கு மட்டும் இருபதுக்கு மேல் இலக்குகள் வருவது சாதாரணம். ஆனால் பெரும்பாலானோர் சுடும் பிரிவுகளில் கழற்றி மாட்டும் மேகசினுக்கு அனுமதி கிடையாது. குழலுக்குக் கீழே இருக்கும் குழாய் மேகசினில் எட்டோ ஒன்பதோ தோட்டாக்களோடு தொடங்கி, மீதியை இடுப்பிலிருந்தோ நெஞ்சிலிருந்தோ எடுத்து, கையால்தான் போட வேண்டும்.

நேரம் கரைவது அங்கேதான். குறி பார்ப்பதில் சமமான இரண்டு பேரில் ஒருவர் எட்டுத் தோட்டாவை நான்கு விநாடிக்குள் போட்டு முடிக்கிறார், இன்னொருவருக்குப் பத்து விநாடி ஆகிறது என்று வையுங்கள். ஒரே ஸ்டேஜில் இரண்டு முறை லோட் செய்தால் பன்னிரண்டு விநாடி போய்விட்டது. எவ்வளவு அருமையான டிரிகர் போட்டாலும் அதை மீட்க முடியாது.

தொழிற்சாலையில் அந்த வாயை ஏன் இவ்வளவு குறுகலாக வைக்கிறார்கள்? ஷாட்கன் பிறந்தது வேட்டைக்கு. அமெரிக்காவில் வாத்து போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 1935-இலிருந்து இருக்கிறது. மூன்று தோட்டா போடுகிற வேட்டைக்காரருக்கு அவசரம் எதற்கு? ஒன்று ஒன்றாக, சாவகாசமாகத் தள்ளுவார். அவருக்கு அந்த வாய் போதும். நாம் கேட்பது வேறு வேலை.

இப்போது போட்டியாளர்கள் பலர் செய்வது குவாட் லோட். ஒரே பிடியில் நான்கு தோட்டா, இரண்டிரண்டாக நீளவாக்கில் இரண்டு வரிசை. சுடாத பன்னிரண்டு கேஜ் தோட்டா ஒன்று ஏறக்குறைய 6 செ.மீ., ஆக இரண்டு சேர்ந்தால் 12 செ.மீ. துப்பாக்கியைத் திருப்பித் தோளில் வைத்து, முதல் ஜோடியைக் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளுவார்கள். இரண்டாவது தோட்டாவின் பின்விளிம்பு உள்ளே இருக்கும் தடுப்பைத் தாண்டி "க்ளிக்" என்று விழ வேண்டும். அது விழ வேண்டுமானால் கட்டைவிரல் நகக்கண் வரைக்கும் ரிசீவருக்குள், அதாவது துப்பாக்கியின் நடு உடலுக்குள், போயாக வேண்டும். விரலை வெளியே எடுக்கும் நொடியில், தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் தகடு ஸ்பிரிங்கோடு திரும்பி வந்து, அதன் பிளவுபட்ட நுனியில் தோலைக் கவ்விக்கொள்ளும். பெனெல்லி எம்2 ஷாட்கன் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கடி நன்றாகத் தெரியும். ஒரு முறை வாங்கிய பிறகு விரல் தானாகவே தயங்கும். அந்தத் தயக்கத்தில்தான் தோட்டா பாதியில் நின்று திரும்பி வெளியே குதிக்கிறது.

அதனால் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் மூன்று இடத்தில். வாயின் இரு பக்க விளிம்புகளைச் சரிவாக இழைத்துப் பிசிறில்லாமல் வழவழப்பாக்குவது. டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டின் முன்பகுதியைத் தாழ்த்தி, கட்டைவிரல் சறுக்கிக்கொண்டு நுழைய வழி செய்வது. லிஃப்டரின் பிளவை வெல்டிங்கால் அடைத்து நுனியை உருட்டிவிடுவது. கூடவே பளிச்சென்ற நிறத்தில், உராய்வு குறைந்த ஃபாலோயர் (குழாய்க்குள் தோட்டாக்களைத் தள்ளிக்கொடுக்கும் துண்டு) ஒன்று போட்டால் குழாய் காலியா இல்லையா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

இதை ஏமாற்று வேலை என்று சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. துப்பாக்கி எப்படி வந்ததோ அப்படியே வைத்துச் சுடுவதுதான் திறமை என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வாயை அகலமாக்கினால் தோட்டா தானாக உள்ளே போய்விடாது, போடுவது கைதான். தயாரிப்பாளர்களே இதை ஏற்றுக்கொண்டாயிற்று. பெரெட்டா 1301 காம்பெடிஷன், ஸ்டோகர் எம்3கே இரண்டும் பெரிய வாயோடுதான் கடைக்கு வருகின்றன. மாஸ்பெர்க் 940 ஜேஎம் புரோ 2020-இல் வந்தபோது பிரபல போட்டியாளர் ஜெர்ரி மிகுலெக் பெயரோடு, லோடிங் போர்ட்டைத் திருத்தியே வெளியிட்டார்கள். கடையில் அப்படியே கிடைத்தால் நியாயம், துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் இழைத்துக் கொடுத்தால் அநியாயம் என்று எந்தக் கணக்கில் சொல்வது?

அதே சமயம், வீடியோ பார்த்துவிட்டு கையில் கிரைண்டரை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பெரும்பாலான ரிசீவர்கள் அலுமினியம். வெண்ணெய் மாதிரி அரையும், ஒரு நிமிடக் கவனக்குறைவில் சுவர் மெலிந்துவிடும், எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. மேலே உள்ள ஆனோடைஸ் பூச்சும் போய்விடும், இழைத்த இடத்துக்குத் திரும்பப் பூச்சு தர வேண்டும். தடுப்பு லாட்ச் இருக்கும் பக்கம் அளவு மீறினால் தோட்டாவைப் பிடித்து நிறுத்துகிற இடமே கெட்டுவிடும். வாரண்டியும் போச்சு. இந்த வேலையைத் தொழிலாகச் செய்கிற கன்ஸ்மித்கள் அமெரிக்காவில் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுப்பதே சரி. இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியை மாற்றியமைப்பது குற்றம், அரத்தைத் தொடவே வேண்டாம்.

அகலம் எவ்வளவு என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. சிலர் வாயை டிரிகர் வரைக்கும் வெட்டித் திறந்துவிடுகிறார்கள். பார்க்க மிரட்டலாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை பலனில் பெரும்பங்கு கிடைப்பது விளிம்பைச் சரிவாக்கியதிலும் லிஃப்டரைச் சரிசெய்ததிலும்தான். அதற்கு மேல் வெட்டுகிற ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கிடைப்பது மிகக் கொஞ்சம்.

கன்ஸ்மித்திடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் சுடப்போகும் பிரிவின் விதியை வாங்கிப் படியுங்கள். ஐபிஎஸ்சி என்ற சர்வதேச அமைப்பின் ஷாட்கன் போட்டியில் ஓப்பன், மாடிஃபைடு, ஸ்டாண்டர்டு, ஸ்டாண்டர்டு மேனுவல் என்று நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் எதை மாற்றலாம் என்பது வேறு வேறு. வெட்டிய பிறகு படித்துப் பயனில்லை. வேலை முடிந்து துப்பாக்கி கைக்கு வந்ததும் வீட்டில் டம்மி தோட்டாவோடு மட்டும் பழகுங்கள், நிஜத் தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குழல் பாதுகாப்பான திசையில், சுட்டுவிரல் டிரிகர் கார்டுக்கு வெளியே. ஓடும்போது லோட் செய்கிற அவசரத்தில் குழல் பின்பக்கம் திரும்பினால் ரேஞ்ச் ஆபீசர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், அன்றைய போட்டி உங்களுக்கு அதோடு முடிந்தது.