எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று கேளுங்கள்

போன ஜனவரியில் எங்கள் பெரோடுவா மைவி கார், தோட்டத்துச் செம்மண் சாலையிலிருந்து பெரிய சாலைக்கு ஏறவே திணறியது. கியரை ‘டி’யில் (முன்னால் ஓட்டும் நிலை) போட்டால் மூன்று நான்கு விநாடி சும்மா நிற்கும். அப்புறம் பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி குலுங்கிக்கொண்டு கிளம்பும். 2010ஆம் ஆண்டுக் காடி (கார்), ஆட்டோ கியர். 138,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கியர் எண்ணெய் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

இத்தனைக்கும் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஓடிய மணிக்கணக்கைப் பார்த்து எண்ணெய் மாற்றாமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டார். ஆட்டோ கியருக்கு மட்டும் ஆயுளுக்கும் ஒரே எண்ணெய் போதும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார். எங்கள் ஊரான பெஸ்தாரி ஜெயாவில் (எங்களுக்கு இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

முதலில் போன பட்டறையில் எண்ணெய் அளவுக் குச்சியைக்கூட உருவிப் பார்க்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கியர்பாக்ஸ் போய்விட்டது, பிரித்துச் செய்ய 3,200 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே 2025இல்தான். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தை வெறும் வாய்ச்சொல்லில் கேட்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது பட்டறையில் ஒரு போர்மன் (தலைமை மெக்கானிக்) அண்ணன். குச்சியை உருவி வெள்ளைத் தாளில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கரும்பழுப்பாக இருந்தது, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, அதிலிருக்கும் காந்தங்களைக் காட்டினார். சாம்பல் நிறப் பசைதான் ஒட்டியிருந்தது, இரும்புச் சில்லு எதுவும் இல்லை. “தங்கச்சி, இது பிழைக்கும்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எண்ணெய் 140, வடிகட்டியும் கேஸ்கெட்டும் 85, கூலி 60. இறக்கி ஊற்றினால் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான் மாறும், மிச்சம் டார்க் கன்வர்ட்டருக்குள்ளும் (எஞ்சின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் பகுதி) எண்ணெயைக் குளிரவைக்கும் கூலர் குழாயிலும் நின்றுவிடும் என்று சொல்லி, 1,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி வரச் சொன்னார். அதற்கு 145. ஆக மொத்தம் 430 வெள்ளி. இப்போது ‘டி’யில் போட்டதும் குலுங்காமல் கிளம்புகிறது.

ஆட்டோ கியரில் எண்ணெய் உராய்வைக் குறைப்பதற்கு மட்டுமல்ல. அதன் அழுத்தம்தான் கிளட்சைப் பிடிக்க வைத்து கியரை மாற்றுகிறது. சூட்டைச் சுமந்துபோய்க் கூலரில் இறக்குவதும் அதுவே. எங்கள் ஊரில் செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, நின்று, மறுபடி கிளம்பி என்று ஓட்டும்போது அந்தச் சூடு கொஞ்சநஞ்சமல்ல.

பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டு மாமாவின் காடி அப்படித்தான் எண்ணெய் மாற்றிய இரண்டு வாரத்தில் நின்றது. ஆனால் அதில் முன்பே தீய்ந்த வாடை வந்துகொண்டிருந்தது, கியரும் வழுக்கியது. கிளட்ச் தகடுகள் தேய்ந்த பிறகு புது எண்ணெய் என்ன செய்யும்? பழி மட்டும் எண்ணெய் மேல் விழுந்தது.

நாங்கள் மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறோம். 40,000க்கு ஒருமுறை 145 வெள்ளி என்றால் மாதத்துக்கு ஆறு வெள்ளிகூட ஆகாது. ஆறு வெள்ளி யாருக்கும் பாரமில்லை. என்ன எண்ணெய், எத்தனை லிட்டர் என்று சொல்லாமல் “கியர் சர்வீஸ்” என்று ஒரே வரியில் பில் போடுகிறார்களே, அதுதான் நம் ஆட்களைப் பயந்து ஒதுங்க வைக்கிறது.

எண்ணெயின் பெயர் பில்லில் இருந்தே ஆக வேண்டும். 2016இல் வந்த புரோட்டோன் சாகா கார் சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் ஆட்டோ), 2019இல் வந்த சாகா நான்கு கியர் ஆட்டோ. பெயர் ஒன்றுதான், எண்ணெய் வேறு. மைவியும் 2021 நவம்பரில் சிவிடிக்கு மாறிவிட்டது. பழைய காடி வாங்குகிறவர்கள் ஆண்டைப் பார்த்து, சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணெயைக் கேட்டு வாங்குங்கள்.

யாராவது ஏமாற்றினால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் பில் இல்லாமல் அங்கே எதைக் காட்டுவது?

என் இரண்டு பில்லையும் அப்பா சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். கீழே பேனாவில் “அடுத்தது 179,000” என்று எழுதியிருக்கிறார்.