மரபணு ஆராய்ச்சிக்கு எம்.பி.பி.எஸ். கட்டாயமில்லை
"மருத்துவம் படிக்காதவர்களுக்கு மனித மரபணு ஆராய்ச்சியில் இடமில்லை" என்று கும்பகோணத்து அண்ணன் எழுதியிருக்கிறார். தவறு, அண்ணா. இதை நம்பி ஒரு மாணவி விண்ணப்பிக்காமலே இருந்துவிட்டால்? நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கத்தான் மருத்துவப் பட்டம் வேண்டும். ஆய்வுக்கு உயிர்வேதியியல், விலங்கியல், உயிரித்தொழில்நுட்பம் போன்றவற்றில் எம்.எஸ்சி. போதும். அறிவியல் ஆய்வுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால் முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையமான சி.சி.எம்.பி.யில் முனைவர் பட்டத்துக்கு இந்த வழியிலும் சேரலாம்.

கணினியும் புள்ளியியலும் படித்தவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்? மத்திய அரசின் ஜீனோம் இந்தியா திட்டம் சுமார் 10,000 பேரின் மரபணுத்தொகுதியை, அதாவது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை முழுவதையும், வரிசைப்படுத்தியிருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவருக்கு அது வெறும் எழுத்துக்குவியல். உயிரியல் தரவுகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியலைத் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம். தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.