அக்கா வீட்டு அழைப்புமணி

அக்கா தனியாக வீடு எடுத்துப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. என் பெரியம்மா மகள், வயது 47. பிறவியிலிருந்தே காது கேட்காது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தையல் தொழிற்சாலையில் 20 வருஷத்துக்கு மேலாக மெஷின் ஓட்டுகிறாள். வாடகை, கரண்ட், சாப்பாடு எல்லாம் அவள் சம்பளம்தான். இருந்தும் டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அந்தப் பிள்ளையைத் தனியா விட்டுட்டீங்களே" என்கிறார்கள்.

இதற்குப் பதில் கொஞ்சம் நீளம். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடு. வாசலில் பொத்தானை அழுத்தினால் கூடத்திலும் படுக்கையறையிலும் விளக்கு மூன்று முறை பளிச்சிடும். தலையணைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு கருவி; காலை நாலேமுக்காலுக்குக் கட்டிலையே உலுக்கிவிடும். சமையலறையில் புகை வந்தால் கூரையில் வெள்ளை வெளிச்சம் விட்டு விட்டு வெட்டும். ஒவ்வொரு அறையிலும் சார்ஜ் செய்த விளக்கு ஒன்று தயாராக இருக்கும். 2023-ல் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது, உச்சத்தில் இருந்தபோது நமக்கெல்லாம் இருட்டு மட்டும்தான் தொல்லை. அவளுக்கு இருட்டினால் பேச்சே நின்றுபோகும். கை தெரியாது, முகம் தெரியாது, எதிரில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்கிறார் என்று எப்படித் தெரியும்?

இதையெல்லாம் ஏற்பாடு செய்ய உதவியவர் ஒரு சமூகப் பணியாளர். அவருக்கும் காது கேட்காது. மூன்று முறை வந்தார், ஒவ்வொரு முறையும் அக்காவிடமே பேசினார். பெரியம்மா நடுவில் புகுந்து பதில் சொன்னபோது கையை மெல்ல உயர்த்தி நிறுத்திவிட்டு மறுபடி அக்காவைப் பார்த்தார். வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகச் சைகையில் விளக்கினார், வங்கிக்குக் கூடவே போனார். இரண்டு மாதத்தில் வருவதைக் குறைத்துக்கொண்டார். சுதந்திர வாழ்வுக்கான உதவி என்றால் நான் புரிந்துகொண்டது இதுதான்: உதவி இருக்கும், முடிவு அக்காவுடையது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்கிறது. நம் நாடு 2007-லேயே அதை ஏற்றுக்கொண்டது.

முடிவு அவளுடையதாக இல்லாத காலம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அப்போது அவளுக்கு மொழிபெயர்த்தது நான். அவளுக்கு 23 வயது, எனக்கு 14. ஒரு மருத்துவமனை. ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தை பிறப்பது சிரமமாகலாம் என்று டாக்டர் நீளமாக விளக்கினார். பெரியம்மா என் தோளை அழுத்தி, "அதைச் சொல்லாதே, பயந்துடுவா" என்றார். நான் "ஆபரேஷன், வலிக்காது" என்று மட்டும் கையால் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். ஆறு வருஷம் கழித்து அவளுக்கு உண்மை தெரிந்தது. பெரியம்மாவுக்கு அவள் மேல் உயிர். அந்தப் பாசத்தில்தான் இப்படி நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், டாக்டர் அறையில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும், தங்கச்சி இருக்கக் கூடாது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார்களே என்பவர்கள் கண்ணாடி முன் நின்று "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பாருங்கள். "படம்", "மடம்" என்றும் சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதான் அசையும்.

2023 ஜூலை 19 அன்று அதிபர் ராமபோசா கையெழுத்திட்டதும் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி நாட்டின் 12-ஆவது ஆட்சி மொழி ஆனது. அன்று அக்கா எனக்கு வீடியோ கால் செய்து அழுதாள். 80-களில் அவள் படித்த பள்ளியில் கையை மேசைக்கு அடியில் வைக்கச் சொல்வார்களாம், வாயால் பேசிப் பழக வேண்டுமென்று. இனவாரியாகப் பள்ளிகளைப் பிரித்து வைத்த காலம் வேறு. இந்தியப் பிள்ளைகளின் சைகை ஒரு விதம், கறுப்பினப் பிள்ளைகளின் சைகை இன்னொரு விதம் என்று வளர்ந்தது. சட்டம் வந்தாலும் கிளினிக் கவுண்டரில் இன்றும் பேரைச் சத்தம் போட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். கேட்காதவர் முறை தாண்டிப் போய்விடும்.

2022 ஏப்ரல் வெள்ளத்தைச் சொல்லி என்னை மடக்குவார்கள். எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்த வெள்ளம். "நீங்க எழுப்பலைன்னா அவ என்ன ஆயிருப்பா?" நியாயமான பயம்தான். ஆனால் அன்று எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு வந்ததே கூச்சலாகத்தான். தொலைபேசி அதிர்ந்து, திரையில் எழுத்தாக, சைகை வீடியோவாக வந்திருந்தால் அவளே எங்களை எழுப்பியிருப்பாள்.

இன்னொரு கூட்டத்தை நாம் மறந்தே போகிறோம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குப் போட்ட கனமைசின் ஊசியால் வளர்ந்த பிறகு காது போனவர்கள். 2018-ல் அந்த ஊசிக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரைக்கு அரசு மாறியது, நல்லது. ஆனால் போன காது திரும்பாது. எங்கள் தெரு மாமா ஒருவருக்கு அப்படித்தான். அவருக்குச் சைகை தெரியாது, 55 வயதில் கற்கவும் மனமில்லை. பேசுவதை எழுத்தாக்கும் செயலியைப் பழக்கிவிட ஒரு ஆள்தான் அவருக்குத் தேவை. அக்காவுக்கு வேண்டியது வேறு, மாமாவுக்கு வேண்டியது வேறு. "காது கேளாதோர்" என்று ஒரே பெட்டியில் போட்டு எல்லாருக்கும் ஒரே காது மெஷினை நீட்டினால் ஆகாது.

சரி, நம் பக்கம் என்ன செய்யலாம்? காவடிக்கும் கஞ்சி பூஜைக்கும் அக்கா ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மேளம் அவளுக்குப் பாதத்தில் கேட்கும். ஆனால் அர்ச்சனைத் தட்டைக் கொடுக்கும்போது அவளைப் பார்த்து "உன் நட்சத்திரம் என்ன" என்று கேட்க எங்கள் கோயிலில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்கும் என்னைத்தான் கேட்கிறார்கள்.

அதனால் புரட்டாசி விரதம் முடிந்ததும் சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தில் சைகை மொழி வகுப்பு. கற்றுத் தரப்போவது அக்கா. 11 பேர் பேர் கொடுத்திருக்கிறார்கள், அதில் பெரியம்மாவும் ஒருவர். வகுப்புக்கு அக்காவுக்குச் சம்பளம் உண்டு என்று கமிட்டியில் பேசி எழுதி வாங்கியாயிற்று. சேர நினைக்கிறவர்கள் எனக்கு மெசேஜ் செய்ய வேண்டாம். அவளுக்கே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்.