அமைச்சர்கள் எச்சரித்தது பொய்யல்ல

1987 ஜூலை 29 அன்று அமைச்சரவையின் எதிர்ப்பை மீறி இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் (தமிழர் பகுதிகளுக்கு அதிகாரப் பகிர்வை உறுதியளித்து, இந்திய அமைதிப்படையை இலங்கைக்குக் கொண்டுவந்த ஒப்பந்தம்) கையெழுத்திட்டதை இலங்கை ஜனாதிபதி ஜெயவர்தனேயின் துணிச்சலாக மட்டுமே, உங்கள் இதழில் அதைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் காண்கிறார். என்னால் அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. பிரதமர் பிரேமதாசவும் தேசியப் பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலியும் எதிர்த்தனர். வேளாண்மை அமைச்சர் காமினி ஜெயசூரிய பதவியையே துறந்தார். தென்னிலங்கை கொந்தளிக்கும் என்ற அச்சம் வீணானதன்று: கொழும்பில் ஊரடங்கு இருந்தபோதே கலவரம் மூண்டது, மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவர் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினார், ஆகஸ்ட் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடத்திலேயே கையெறிகுண்டு வெடித்தது.

ஆனால் அந்த அமைச்சர்கள் சிங்கள வாக்காளரின் சினத்தைக் கணக்கிட்ட அளவுக்கு, யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் அவ்வாண்டு இலங்கைப் படையினர் நடத்திய நடவடிக்கை எத்தனை குடும்பங்களைக் கடலில் இறக்கிவிட்டது என்பதைக் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. ராமேசுவரத்தை அடுத்த மண்டபத்தில் இலங்கை அகதிகளுக்கான முகாமுக்கு அருகே வளர்ந்த எனக்கு (அன்று பள்ளி மாணவன்) அந்தக் கணக்கு நனைந்த துணி மூட்டைகளாகத்தான் நினைவிருக்கிறது.

பின்னர் ஜனாதிபதியான பிரேமதாச, இந்திய அமைதிப்படை வெளியேற வேண்டுமென 1989 ஜூனில் பகிரங்கமாகக் கோரினார். 1990 மார்ச்சில் அது வெளியேறியதும் ஜூனில் மீண்டும் போர் மூண்டது, எங்கள் கரைக்கு மீண்டும் படகுகள் வந்தன. கட்டுரையில் வரலாற்றின் இந்தப் பகுதிக்கு ஒரு வரிகூட இல்லை.